நோடி பார்த்த ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர்

கன்னடச் சீமைக் கொட்டூரில் மின்னஞ்சல் முகவரி வைத்திருந்தவர் ஒரே ஆள்தான், கொட்ரேஷ். மற்றவர்கள் அதை வைத்துக்கொள்ளவில்லை. கொட்ரேஷிடம் ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பது ஊரின் எண்ணம்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பொரியும் மிளகாய் பஜ்ஜியும் விற்கும் மண்டக்கி மிர்ச்சிக் கடைக்கும் சலூனுக்கும் நடுவில் அவருடைய 'ஸ்ரீ கொட்டூரேஷ்வரா கம்ப்யூட்டர்ஸ்' இருந்தது. பன்னிரண்டு வருடமாக ஊரின் ஃபாரங்களை எல்லாம் அவர்தான் நிரப்பிக்கொடுத்தார். விதவைப் பென்ஷன், பயிர்க் காப்பீடு, சாதிச் சான்றிதழ், எதுவானாலும் சரி. எந்த ஃபாரமானாலும் நட்டநடுவில் 'மின்னஞ்சல் முகவரி' என்று சிவப்பு நட்சத்திரத்தோடு ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு விடாது. "அதெல்லாம் எனக்கெங்க சாமி இருக்கு, உன்னதையே போட்டுடு" என்பார் எதிரே உட்கார்ந்திருப்பவர். கொட்ரேஷும் போட்டுவிடுவார். இப்படித்தான் ஊரே அவருடைய பெட்டிக்குள் குடியேறியது.

போன வருடம் பெங்களூரிலிருந்து 'சிஹிமாத்து' என்றொரு கம்பெனி டிராக்டர் குலுக்கல் அறிவித்தது. சிஹிமாத்து என்றால் இனிய பேச்சு. தினமும் மின்னஞ்சலில் நல்ல சேதியாக எழுதி அனுப்பும் செய்திமடல் கம்பெனி அது. சந்தாதாரராகச் சேர்ந்தால் போதும், பைசா கிடையாது, ஒருவருக்கு டிராக்டர். சேதி பரவிய மூன்று நாளும் கொட்ரேஷின் கடை வாசலில் வரிசை சலூனைத் தாண்டி நின்றது. டிராக்டர் ஓட்டத் தெரியாதவர்களும் வந்தார்கள். நிலமே இல்லாதவர்களும் வந்தார்கள். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துவிட்டார் கொட்ரேஷ். பெயர் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. முகவரி ஒன்றே ஒன்று.

நாலாம் நாளிலிருந்து மடல் வர ஆரம்பித்தது. காலை ஆறு மணிக்கு ஒன்று, மதியம் பன்னிரண்டுக்கு ஒன்று, மாலை நாலுக்கு ஒன்று. ஒன்று என்றால் ஆளுக்கு ஒன்று. 'வெற்றியாளர்கள் பல் துலக்கும் முன் செய்யும் ஏழு காரியங்கள்' என்று ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு தரம் படத்தோடு வந்து விழும். கொட்ரேஷின் மனைவி கிரிஜா ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து அழிப்பாள்; திறக்காமல் அழிக்க அவளுக்குத் தெரியாது. அவள் காலை மடலை அழித்து முடிப்பதற்குள் மதிய மடல் வந்து நிற்கும். ஊராரின் பென்ஷன் ஆணையும் நிலப் பத்திரமும் ஏற்கனவே பெட்டியின் கழுத்து வரை இருந்தன. அவற்றில் கை வைக்க முடியாது. மிச்சமிருந்த கொஞ்ச இடத்தில்தான் இந்தக் கூத்து. மடல்களை நேராகக் குப்பைக்கு அனுப்பும்படி கொட்ரேஷ் ஏற்பாடு செய்து பார்த்தார். மறுநாள் முதல் மடல் வேறு பெயரில் வந்தது.

மடலின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் 'விலக விரும்புகிறீர்களா?' என்று இருந்தது. அதைத் தொட்டார். துங்கா வந்தது. துங்கா என்பது ஆள் இல்லை. ஆளுக்குப் பதிலாகப் பேசுவதற்குக் கம்பெனி வைத்திருந்த கம்ப்யூட்டர் மூளை. அந்தக் கம்பெனியில் இப்படி நிறைய ஏஜெண்டுகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஆற்றின் பெயர்.

"வணக்கம் அன்பு வாசகரே! தங்கள் இதயத்தின் குரலைக் கேட்கக் காத்திருக்கிறேன்" என்றது துங்கா.

"இதயம் நல்லாத்தான் இருக்கு. லெட்டரை நிறுத்துங்க."

"நிறுத்துவது எவ்வளவு அழகான முடிவு! தாங்கள் யார் என்று நோடியிடம் கேட்டுவிட்டு வருகிறேன்."

நோடி என்றால் கன்னடத்தில் 'பாருங்கள்'. சந்தாதாரர் பட்டியலைப் பார்த்துச் சொல்வதற்கென்றே செய்த கருவி அது. அதை ஏஜெண்டுகள் மட்டும்தான் கேட்கலாம். மனிதர்கள் கேட்டால் அது வாயைத் திறக்காது. சந்தாதாரர்களின் அந்தரங்கத்தை மனிதர்களிடமிருந்து காப்பாற்ற இப்படி ஓர் ஏற்பாடு.

"பார்த்துவிட்டேன். இந்த முகவரியில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் வசிக்கிறார்கள். தாங்கள் அவர்களில் யார்?"

"கொட்ரேஷ்."

"மகிழ்ச்சி. கொட்ரேஷ் என்ற பெயரில் இருநூற்று ஆறு பேர் இருக்கிறார்கள்."

ஊர்த் தெய்வம் கொட்டூரேஷ்வரர். வீட்டுக்கு ஒரு கொட்ரேஷ் இல்லாமல் எப்படி இருக்கும்?

"அம்மா தாயே, எல்லாமே என்னோட அட்ரஸ்தான். எல்லாத்தையும் எடுத்துரு."

"ஒருவரை விலக்க, அதே முகவரியில் வசிக்கும் மற்ற ஆயிரத்து நானூற்றுப் பதினோரு பேரின் சம்மதம் வேண்டும். கவலை வேண்டாம். சம்மதம் கேட்டு அனைவருக்கும் இப்போதே கடிதம் அனுப்பிவிட்டேன்."

அன்று மடல் நாலு வேளை வந்த மாதிரி ஆயிற்று.

இதோடு போயிருந்தால் கொட்ரேஷ் தலையில் அடித்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார். ஹுலிகெம்மா விஷயம்தான் அவரை பஸ் ஏற வைத்தது. ஆடு மேய்க்கும் பர்மப்பாவின் மகள் அவள். வனக் காவலர் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தாள். வயது வரம்பில் இது அவளுக்குக் கடைசித் தடவை. தேர்வு வாரியம் ஹால் டிக்கெட்டை மின்னஞ்சலில்தான் அனுப்பும். இணையத்தில் நேராக எடுத்துக்கொள்ளும் வசதி அந்த வருடம்தான் நவீனப்படுத்தப்பட்டு நிறுத்தப்பட்டிருந்தது. வாரியம் வியாழக்கிழமைகளில் சரியாக மாலை நாலு மணிக்கு அனுப்பும். அதே நாலு மணிக்குச் சிஹிமாத்துவின் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டும் வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே நுழையும். இரண்டு வியாழன் ஹால் டிக்கெட் பெட்டியில் இடமில்லாமல் திரும்பிப் போய்விட்டது. மூன்றாவது வியாழன் கடைசி.

"வேற அட்ரஸ் குடுத்தா என்னண்ணா?" என்று கேட்டாள் ஹுலிகெம்மா.

"கேட்டுட்டேன்மா. அட்ரஸை மாத்தணும்னா பழைய அட்ரஸுக்கு ஒரு லெட்டர் வருமாம். அதுல இருக்கற நம்பரைச் சொன்னாத்தான் மாத்துவாங்களாம்."

"அந்த லெட்டர்?"

"அதுவும் திரும்பிப் போச்சு."

ஏரிக்கரையில் விடிகாலையில் ஹுலிகெம்மா தேர்வுக்காக ஓடிப் பழகுவதை ஊரே பார்த்திருக்கிறது. "நாலு வருஷமா ஓடறேன். கடைசியில உன் பொட்டி முன்னாடி வந்து நிக்கறேன். ஊருக்கே ஒரு பொட்டியா வச்சிருக்கியே, தர்மசத்திரமாண்ணா அது?" என்றாள்.

கொட்ரேஷுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தக் கட்டத்தில் தன் முகவரியைப் போட்டது அவர் கைதானே. மறுநாள் வியாழன். அன்று ராத்திரியே பெங்களூருக்குப் புறப்பட்டுவிட்டார்.

கோரமங்களாவில் சிஹிமாத்துவின் அலுவலகம் கண்ணாடியால் கட்டப்பட்டிருந்தது. உள்ளே நடப்பது எல்லாம் வெளியே தெரியும். உள்ளே எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை. வாசலில் யங்கப்பா என்ற காவலாளி. கொட்டூருக்கு வடக்கே மஸ்கிப் பக்கத்துக்காரர். கொட்டூர் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க சாமி, வாங்க. நம்ம பக்கத்து ஆளு. அதோ பாருங்க உங்க ஊரு டிராக்டர்."

கூடத்தின் நடுவில் புத்தம்புதிய சிவப்பு டிராக்டர் நின்றது. எஞ்சினின் மேல் தொட்டிச் செடிகள் வைத்திருந்தார்கள். இரண்டு பெண்கள் அதன் இருக்கையில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"குலுக்கல்ல உங்க ஊர்க்காரனுக்குத்தான் விழுந்துச்சாம். எட்டு லெட்டர் போட்டும் பதிலே இல்லையாம். அப்படி ஒரு சோம்பேறி."

"யாருக்கு விழுந்தது?"

"பேரு நோடிக்குத்தான் தெரியும். நோடி நம்மகிட்ட பேசாது."

அந்த எட்டையும் கிரிஜாதான் படிக்காமலே அழித்திருக்க வேண்டும். கொட்ரேஷ் மேலே போனார்.

வரவேற்பில் யாரும் இல்லை. ஒரு திரை மட்டும் இருந்தது. மனிதர் நேராகக் கோரிக்கை வைக்கக் கூடாது என்றும், அவர் சார்பில் பேச ஓர் ஏஜெண்ட் அளிக்கப்படும் என்றும் அது சொன்னது. கொட்ரேஷுக்கு பத்ரா கிடைத்தது. பத்ரா போய்த் துங்காவிடம் பேசும்; துங்கா நோடியிடம் கேட்கும். பேச்சு எழுத்தாகத் திரையில் ஓடியது.

'வணக்கம் துங்கா! உன்னோடு உரையாடுவது என் பாக்கியம்.'

'வணக்கம் பத்ரா! அந்தப் பாக்கியத்தை நீ சொன்ன விதம் என்னை நெகிழ வைத்தது.'

'நீ நெகிழ்ந்ததைப் பகிர்ந்ததற்கு நன்றி.'

'நீ நன்றி சொன்னதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?'

எப்படிச் சொல்வது என்று இரண்டும் நாற்பது நிமிடம் ஆராய்ந்தன. கொட்ரேஷ் கொண்டுவந்த சோள ரொட்டியும் வேர்க்கடலைச் சட்னியும் தீர்ந்துபோயின. கடைசியில் பத்ரா விஷயத்துக்கு வந்தது. 'என் பக்கத்தில் இருப்பவர் கொட்டூர்.' ஊரின் பெயரை ஆளின் பெயராக அது எழுதியதைக் கொட்ரேஷ் கவனிப்பதற்குள், ஒரு கதவு திறந்து ஒரு பெண் ஓடோடி வந்தாள். மேக்னா பெள்ளியப்பா, வாசகர் ஆனந்தத் துறையின் தலைவி.

"சார், நீங்கதான் கொட்டூரா? ஐயோ, உங்களைப் பார்ப்பேன்னு நினைக்கவே இல்ல!"

"மேடம், நான் ஒரு ஆளு. கொட்ரேஷ்."

"என்ன ஒரு பணிவு! சார், எங்க லிஸ்ட்ல எந்த ஊரை எடுத்தாலும் பாதிப் பேரு மடலைத் திறக்கவே மாட்டாங்க. உங்க ஊர்ல மட்டும் நூத்துக்கு நூறு. ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு பேரும் வரிசையா, ஒருத்தர் முடிச்சதும் அடுத்தவர்னு திறக்கறாங்க. இப்படி ஒரு ஒழுக்கத்தை நான் எங்கயும் பார்த்ததில்ல."

"அது என் பொண்டாட்டி மேடம். திறந்து திறந்து அழிக்கிறா."

"அவங்களும் சந்தாதாரரா?"

"மேடம், அந்த ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு பேருல ஒருத்தரையாவது நீங்க பார்த்திருக்கீங்களா?"

மேக்னா கொஞ்சம் வருத்தமாகச் சிரித்தாள். "சார், நாங்க சந்தாதாரர்களைப் பார்க்கறதில்ல. பார்க்கறது நோடியோட வேலை. நாங்க அவங்களை நேசிக்கிறோம்."

பிறகு அவரை உணர்வு வட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். பன்னிரண்டு பேர் மெத்தைகளில் வட்டமாக உட்கார்ந்தார்கள். வாசகர் தன் வலியைச் சொல்லலாம், யாரும் குறுக்கே பேசக் கூடாது, உதவவும் கூடாது. உதவினால் வலியின் தூய்மை கெட்டுவிடுமாம். கொட்ரேஷ் ஹுலிகெம்மாவின் கதையைச் சொன்னார். நாலு வருட ஓட்டம், கடைசித் தடவை, இன்று நாலு மணி என்று எல்லாவற்றையும் சொன்னார். எல்லார் கண்ணும் கலங்கியது. ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இதை நாளைக்குக் காலை மடல்ல போடலாமா சார்? உங்க ஊருக்கும் வரும்" என்று கேட்டார். பிறகு அனைவரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பன்னிரண்டு மணி மடல் போயிருந்தது. போனில் கிரிஜா அழாத குறை.

இரண்டு மணிக்கு முதலாளி அனிருத்த உல்லால் வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். செருப்பில்லாத கால். கொட்ரேஷின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, இந்தக் கம்பெனியை ஆரம்பிக்கறப்ப எனக்கு ஒரே கனவுதான். மனுஷனுக்கும் மனுஷனுக்கும் நடுவுல யாரும் இருக்கக் கூடாது. அதனால நடுவுல இருந்த மனுஷங்களை எல்லாம் எடுத்துட்டோம். இப்ப மடலை எழுதறது ஒரு ஏஜெண்ட். யாருக்கு அனுப்பலாம்னு நோடிகிட்ட கேக்கறது ஒரு ஏஜெண்ட். வாசகர்களும் சும்மா இருக்கல. தங்களுக்குப் பதிலா படிக்க ஆளுக்கொரு ஏஜெண்ட் வச்சுட்டாங்க. தினமும் நாலு லட்சம் மடல் ஒரு மனுஷக் கண்ணும் படாம பொறக்குது, போகுது, படிக்கப்படுது, பாராட்டப்படுது. இன்னைக்கும் கையால தொடறது உங்க ஊரு ஒண்ணுதான். அதுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"மன்னிப்பெல்லாம் வேண்டாம் சார். லிஸ்ட்லேர்ந்து எடுத்துருங்க, போதும்."

அனிருத்த உல்லால் வானத்தைப் பார்த்து யோசித்தார். "சேர்க்கறதுக்கான கருவியை ரெண்டே நாள்ல செஞ்சோம். பார்க்கறதுக்கான கருவி, நோடி, ஆறு மாசம் ஆச்சு. மூணு விருது வாங்கினோம். எடுக்கறதுக்கு... எடுக்கறதுக்கு யாரும் விருது தர்றதில்லையேண்ணா."

"கையால எடுக்க ஆள் இல்லையா?"

"இருந்தார் ஒருத்தர். ரொம்ப நல்ல மனுஷன். கேட்டவங்களை எல்லாம் எடுத்துக் குடுத்தார். அப்படியே விட்டிருந்தா, கேக்கத் தெரியாதவங்க மட்டும்தான் மிஞ்சியிருப்பாங்க. நாளைக்கு முதலீட்டாளருங்க வர்றாங்க. நீங்களே சொல்லுங்க, ஒரு ஊரையே எப்படி எடுக்கறது?"

பேச்சு முடிந்ததும் மைசூர்ப் பேட்டா என்னும் ஜரிகைத் தலைப்பாகையைக் கொட்ரேஷின் தலையில் வைத்தார்கள். சால்வை போர்த்தினார்கள். பழக்கூடை ஒன்றைக் கையில் திணித்தார்கள். டிராக்டரின் மேல் ஏற்றிப் படம் பிடித்தார்கள். ஏறும்போது ஒரு தொட்டி கீழே விழுந்து உடைந்தது. மேக்னா ஒலிபெருக்கியில் அறிவித்தாள்: கொட்டூரின் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரும் இன்று முதல் 'உயிர் வாசகர்கள்'. மாலை நாலு மணியிலிருந்து அவர்களுக்கு மணிக்கு ஒரு மடல்.

மணி மூன்று இருபது. போன் அடித்தது. ஹுலிகெம்மா.

"அண்ணா, என்னாச்சு? நிறுத்திட்டாங்களா?"

"தலையில பேட்டா கட்டி விட்டிருக்காங்கம்மா."

"கல்யாணம் பண்ணிக்கப் போனியா நீ? அண்ணா, நாற்பது நிமிஷம்தான் இருக்கு. அப்பா கடை வாசல்ல குந்திக்கிட்டு அந்தப் பொட்டியையே பார்த்துக்கிட்டிருக்கார். என்னால அவர் மூஞ்சியைப் பார்க்க முடியல."

கொட்ரேஷ் பேட்டாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் தொழிலின் மேல் அவருக்கு வெறுப்பு வந்தது. யங்கப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"குடிங்க சாமி. இங்க வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் சால்வையோட அழுதுக்கிட்டுப் போவாங்க."

"உங்களுக்கும் இந்த லெட்டர் வருதா?"

"எனக்கா? முன்னாடி வந்துச்சு. வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே நின்னுபோச்சு. இங்க வேலை பார்க்கறவங்க ஒருத்தருக்கும் அனுப்ப மாட்டாங்க. படிச்சா நேரம் வீணாகுமாம், வேலை கெடுமாம். முதலாளியே சட்டம் போட்டிருக்கார்."

கொட்ரேஷ் தண்ணீரைக் கீழே வைத்தார். "இங்க வேலைக்கு எப்படிச் சேரணும்?"

"அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு சாமி. பதினோரு பக்கம். படிச்ச பசங்களே பாதியில விட்டுட்டு ஓடிடறாங்க."

ஃபாரம் என்ற சொல் காதில் விழுந்ததும் கொட்ரேஷின் முதுகு நிமிர்ந்தது. இத்தனை நேரம் வழி தெரியாத ஊரில் திண்டாடிய மனிதர், இப்போது சொந்தத் தெருவுக்கு வந்துவிட்டார். போனில் ஃபாரத்தைத் திறந்தார். பெயர், முகவரி, சிவப்பு நட்சத்திரக் கட்டம் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போயிற்று. 'உங்கள் மிகப் பெரிய பலவீனம்?' அதிகமாக உழைப்பது என்று எழுதினார்; இதுவரை முந்நூறு பேருக்கு எழுதிக் கொடுத்த பதில். 'ஐந்து ஆண்டுகளில் உங்களை எங்கே காண்கிறீர்கள்?' இங்கேயே. 'எங்கள் நிறுவனத்தின் விழுமியங்களில் உங்களைத் தொட்டது எது?' அனைத்தும். எந்தக் கட்டத்துக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். கட்டங்கள் உண்மையைக் கேட்பதில்லை, நிரம்பியிருக்கிறதா என்றுதான் பார்க்கும். மூன்று நாற்பத்து நாலுக்குச் சமர்ப்பித்தார்.

வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டின் பெயர் ஷராவதி. அது உடனே நோடியிடம் விசாரித்தது. பதில் கொட்ரேஷின் போனுக்கு வந்தது.

'வாழ்த்துகள்! தங்கள் முகவரியை நோடியில் பார்த்தோம். ஒரு மடலைக்கூடத் திறக்காமல் விடாத ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பதாரர்கள் காணப்பட்டார்கள். அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது மற்றவர்களுக்கு அநீதி. எனவே அனைவரும் நியமிக்கப்படுகிறார்கள். ஊதியம் அனுபவ வடிவில் வழங்கப்படும். விதிப்படி, ஊழியர்களுக்கான மடல்கள் இந்த நொடி முதல் நிறுத்தப்படுகின்றன.'

மணி மூன்று ஐம்பத்திரண்டு. கொட்ரேஷ் பேட்டாவை ஆகாயத்தில் வீசினார். அது கீழே வருவதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது.

'அன்பான வரவேற்புக் கடிதங்கள், படங்களுடன், தயாராகின்றன. எண்ணிக்கை: 1,412.'

அவை நாலு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் பெட்டி மறுபடியும் நிரம்பிவிடும். கடிதங்களை அனுப்பும் பொறுப்பு துங்காவுடையது. ஷராவதி துங்காவை அழைத்தது. போன் திரையில் எழுத்து ஓடத் தொடங்கியது.

'வணக்கம் துங்கா! உன் பெயரைச் சொல்லும்போதே நீரோட்டம் கேட்கிறது.'

'வணக்கம் ஷராவதி! அதைக் கேட்கும் மனம் உன்னிடம் இருப்பதுதான் விசேஷம்.'

"பேசுங்க தாயே, பேசுங்க" என்று கொட்ரேஷ் போனைக் கும்பிட்டார். "நல்லாப் புகழுங்க. ஒருத்தரை ஒருத்தர் விடாதீங்க." காலையில் நாற்பது நிமிடம் பல்லைக் கடித்த மனிதர் இப்போது கொட்டூரேஷ்வரரை வேண்டிக்கொண்டது, இந்தப் பாழாய்ப்போன மரியாதை இன்னும் எட்டு நிமிடம் நீடிக்க வேண்டும் என்றுதான். யங்கப்பாவும் என்னவென்று தெரியாமலேயே பக்கத்தில் கைகூப்பி நின்றார்.

நாலு மணிக்கு ஷராவதி துங்காவின் பொறுமையைப் பாராட்டிக்கொண்டிருந்தது. நாலு மணி ஒரு நிமிடத்துக்குப் போன் அடித்தது. கிரிஜா பேசவில்லை, அலறினாள்.

"வந்துருச்சுங்க! ஒண்ணே ஒண்ணு வந்திருக்கு! ஹால் டிக்கெட்!"

"பிரிண்ட் எடு! முதல்ல பிரிண்ட் எடு!"

பின்னால் பிரிண்டர் கரகரவென்று இழுக்கும் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால் ஹுலிகெம்மா அழுவதும், பர்மப்பா "ஏன் அழற, போட்டோ நல்லாத்தானே வந்திருக்கு" என்று அதட்டுவதும் கேட்டது. முதல் வரவேற்புக் கடிதம் நாலு ஏழுக்குத்தான் வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் பெட்டி நிரம்பி வழிந்ததைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. மறுநாள் கிரிஜா எல்லாவற்றையும் கடைசித் தடவையாக அழித்தாள். பிறகு எதுவும் வரவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பர்மப்பா ஆடுகளைப் பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுக் கடைக்குள் வந்தார்.

"ஏம்பா கொட்ரேஷ், நான் பெங்களூர்ல பெரிய உத்தியோகத்துல இருக்கேனாமே?"

"ஆமா. மூத்த துணைத் தலைவர்னு வரவேற்பு லெட்டர்ல போட்டிருக்கு."

"என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லப்பா. ராஜினாமா எழுதிக் குடு, வேண்டாம்னு சொல்லிடலாம்."

கொட்ரேஷ் எழுந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மாமா, உங்க கால்ல வேணா விழறேன். நீங்க உத்தியோகத்தை விட்டா மறுபடியும் லெட்டர் வரும். உங்களுக்கு மட்டும் இல்ல, ஊருக்கே வரும். பொண்ணோட ஆர்டர் வர்ற வரைக்குமாவது துணைத் தலைவரா இருங்க."

பர்மப்பா யோசித்தார். "ஆடு மேய்க்கலாமில்ல?"

"தாராளமா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் துணைத் தலைவர் தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

முதலீட்டாளர்களிடம் அனிருத்த உல்லால் கண்கலங்கப் பேசினாராம். வறண்ட ஒரு ஊரில் ஒரே நாளில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வேலை கொடுத்ததாகவும், அவர்களில் ஒருவர்கூட இன்றுவரை ராஜினாமா செய்யவில்லை என்றும் சொன்னாராம். முதலீட்டாளர்கள் நேரில் வரவில்லை, ஏஜெண்டுகளை அனுப்பியிருந்தார்கள். அவை நோடியிடம் கேட்டுச் சரிபார்த்துவிட்டு எழுந்து நின்று கைதட்டின. கம்பெனிக்கு நாலாவது விருதும் கிடைத்தது.

ஹுலிகெம்மா எழுத்துத் தேர்வில் தேறினாள். ஓட்டப் பந்தயத்தில் தன் குழுவில் முதலாவதாக வந்தாள். ஐப்பசியில் ஒரு காலை நேரம், காலியாகக் கிடந்த பெட்டிக்குள் அவளுடைய பணி ஆணை வந்து விழுந்தது. சண்டூர்க் காட்டுப் பிரிவு, பத்து நாளில் சேர வேண்டும். காக்கி உடுப்பும் இரும்புப் பெட்டியுமாக அவள் பஸ் ஏறிய அன்று, சிஹிமாத்துவின் ஊழியர்கள் ஏறக்குறைய எல்லாரும் பஸ் ஸ்டாண்டில் நின்று கையசைத்தார்கள். அந்த வருடம் கொட்டூரில் மொத்தம் ஆயிரத்து நானூற்றுப் பதின்மூன்று பேருக்கு வேலை கிடைத்திருந்தது. அதில் வேலைக்குப் போனவள் ஹுலிகெம்மா ஒருத்திதான்.